பல்லன் படம் இருக்கா?

வீடியோ கேசட்டை வாடகைக்கு விடுகிறவனுக்குச் சொந்த ரசனை என்று ஒன்று இருக்கக் கூடாது. இருந்தால் அதை வீட்டில் பூட்டி வைத்துவிட்டு வந்துதான் கடையைத் திறக்க வேண்டும். நான் பூட்டவில்லை, அனுபவித்தேன். ஒரு நல்ல படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாலு பேரிடம் "பாருங்க, பாருங்க" என்று கெஞ்சியிருப்பீர்கள். அந்த நாலு பேரும் உங்களைச் சட்டை செய்யாமல், பிறகு வேறு எவனோ சொன்னதும் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு, உங்களிடமே வந்து அந்தக் கதையைச் சொல்லியிருப்பார்கள். இது உங்களுக்கு நடந்திருக்கிறது என்றால் நீங்கள் நம்ம கட்சி. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து எனக்கும் இடம் கொடுங்கள்.

1991. சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப் பக்கத்தில், தையல் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில், என் மனைவி பெயரில் 'கமலா வீடியோஸ்' வைத்திருந்தேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம், எனக்கு நேர் எதிரே, பாஸ்கர் வீடியோஸ். பாஸ்கரைப் பற்றி என்ன சொல்ல? சுருட்டை முடி, வரிசையான பல், கலர் டிவி. புதுத் தமிழ்ப் படம் எது வந்தாலும் முதலில் அவன் கடையில்தான் இறங்கும். அவனிடம் இல்லாதது என்னிடம் ஒன்றே ஒன்று இருந்தது. மெட்ராஸில் ஒரு கேசட் கடையை மூடியபோது மூட்டையாகக் கட்டி எடுத்துவந்த வெளிநாட்டுப் படங்களுக்குள் ஏழு காட்டேரிப் படங்கள் கிடந்தன. கழுத்தைக் கடித்து ரத்தம் குடிக்கிற காட்டேரிதான். ஆனால் ஏழுமே சிரிப்புப் படம். எடுத்த ஊரிலேயே யாரும் சீந்தவில்லை போலிருக்கிறது. எனக்கோ ஒவ்வொன்றும் தங்கம். இந்த ஏழையும் ஊர் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டு 'தனசேகரன் சொன்னான், பார்த்தோம்' என்று என் பேரைச் சொல்ல வேண்டும். அந்த வருடம் முழுக்க எனக்கிருந்த ஆசை அவ்வளவுதான்.

பாதிரியாரின் பல் செட்

வெளிநாட்டுப் படம் என்றால் பேசுவது யாருக்கும் புரியாது. அதனால் நான் ஒரு வழக்கம் வைத்திருந்தேன். அந்த ஏழு படங்களில் எதைக் கேட்டாலும் முழுக் கதையையும் நடித்துக் காட்டிய பிறகுதான் கேசட்டைக் கொடுப்பேன். என் முதல் வாடிக்கையாளர், பின் தெருவில் குடியிருந்த ஒரு அம்மா. இடுப்பில் குழந்தையோடு வந்து, "சாமி படம் எதுனா கீதா?" என்று கேட்டார். நான் காட்டேரியை எடுத்து நீட்டினேன்.

கதை இதுதான். வயசான காட்டேரி ஒன்று. பல் எல்லாம் கொட்டிப்போய், கோரைப்பல் வைத்த செட்டு போட்டுக்கொண்டு பிழைப்பு நடத்துகிறது. ஒரு நாள் பல் கட்டுகிற கடையில் அதன் செட்டும் ஊர்ப் பாதிரியாரின் செட்டும் மாறிவிடுகின்றன. அதன் பிறகு பாதிரியார் பிரசங்கத்தில் வாயைத் திறந்தால் சபை ஓடுகிறது. காட்டேரி ஆளைப் பிடித்துக் கடித்தால் கடிபட்டவனுக்குக் கிச்சுகிச்சு மூட்டுகிறது. இந்த இடத்தில் கோரைப்பல் பாதிரியார் எப்படி விழிப்பார் என்று நான் உதட்டைத் தூக்கிக் காட்டினேன். குழந்தை வீல் என்று கத்திக்கொண்டு அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

என் நடிப்புக்குக் கிடைத்த முதல் மரியாதை என்று எனக்கு ஒரே பெருமை. கமலாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் ரிஜிஸ்டருக்குள் தலையை விட்டு எதையோ தேடிக்கொண்டிருந்தாள். கேசட்டைப் பையில் போட்டுக்கொண்டே அந்த அம்மா மனசாரச் சொன்னார்: "பல்லு எதுவும் வெக்காமலே எவ்ளோ நல்லா செய்றீங்க சார்!"

பகல் பதினோரு மணிக் காட்டேரி

உலகத்தில் காட்டேரிகள் எல்லாம் வெயில் பட்டால் சாம்பலாகிவிடும். எங்கள் பக்கத்துக் காட்டேரிகள் பகல் பதினோரு மணிக்குத்தான் நடமாடும். செகண்ட் ஷிப்டுக்குப் போகிற பசங்கள் காலையில்தான் வாடகைக்கு வீடியோ டெக் எடுத்துப் படம் பார்ப்பார்கள். அப்படி வந்தவன்தான் சாமுவேல். ஊர் வடக்குப்பட்டு. ஒரு பாக்டரியில் லைன் வேலை. அவனுக்கு நான் கொடுத்தது சைனாக்காரப் படம். அந்த ஊர்க் காட்டேரி நடக்காது, இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு குதித்துக் குதித்து வரும். மூச்சை அடக்கிக்கொண்டால் நாம் இருப்பது அதற்குத் தெரியாது. நெற்றியில் மஞ்சள் சீட்டு ஒட்டினால் அப்படியே நின்றுவிடும்.

மஞ்சள் சீட்டு என்றதும் சாமுவேலுக்கு வேறொன்று ஞாபகம் வந்திருக்கிறது. அவன் லைனில் சந்தேகமான பீஸ் வந்தால் மஞ்சள் டேக் கட்டி ஓரம் கட்டுவார்களாம். மறுநாள் சூப்பர்வைசர் ரவுண்ட்ஸ் வரும்போது லைனே மூச்சை அடக்கி நின்றிருக்கிறது. அவர் ஒன்றும் புரியாமல் திரும்ப, பின்னாலிருந்து யாரோ அவர் சட்டைக் காலரில் மஞ்சள் டேக் கட்டிவிட்டார்கள். மனிதர் அதோடு மேனேஜர் ரூம் வரைக்கும் போய் வந்திருக்கிறார்.

இது கேன்டீன் முழுக்கப் பரவியது. இனிமேல் கேசட்டுக்கு அடிதடிதான் என்று நான் கடையைத் துடைத்து வைத்துக் காத்திருந்தேன். ஒருவனும் வரவில்லை. எல்லாரும் சாமுவேலைச் சுற்றி உட்கார்ந்து கதை கேட்டுக்கொண்டிருக்கிறார்களாம், குதித்தும் காட்டுகிறானாம். எனக்கு வயிறு எரிந்தது. அது என் படம், என் கதை, என் குதிப்பு. அவன் கூட வேலை செய்கிற ஒருத்தன் மட்டும் கேசட்டை எடுத்துப்போய்ப் பார்த்துவிட்டு வந்து கவுன்டரில் வைத்தான்: "படத்துல அவ்ளோ இல்ல சார், சாமுவேல் சொன்னதுலதான் கீது."

மாமியார் பூண்டு ரசம்

ஏழில் எனக்கு மிகவும் பிடித்தது, வீட்டோடு மாப்பிள்ளையாகப் போகும் காட்டேரியின் கதை. காட்டேரிக்குப் பூண்டு ஆகாது என்பது உங்களுக்குத் தெரியும். போன இடத்தில் மாமியார் பூண்டு இல்லாமல் வெந்நீர் கூடப் போட மாட்டாள். ரொட்டியில் பூண்டு, சூப்பில் பூண்டு, மாப்பிள்ளைக்குச் சளி பிடித்தால் மார்பில் தேய்க்கப் பூண்டு எண்ணெய். பாவம், அது பெண்டாட்டி மேல் வைத்த ஆசைக்காக எல்லாவற்றையும் முழுங்கிவிட்டுத் தோட்டத்துக்கு ஓடும். இதைப் பின் தெரு அம்மாவுக்கு ஒரு மணி நேரம் நடித்துக் காட்டி, முக்கியமாக அந்தக் காட்டேரியின் பொறுமையைக் கவனிக்கச் சொல்லி அனுப்பினேன். மறுநாள் கேசட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தவர் முகம் வாடியிருந்தது: "எங்க மாமியாருக்குப் போட்டுக் காட்னேன் சார். அவுங்களுக்கு அந்தக் காட்டேரியப் பிடிக்கல, அந்த மாமியாரத்தான் பிடிச்சிப் போச்சி."

ரத்தம் பார்த்து மயங்குகிறவன்

சாமுவேல் வேலை பார்க்கிற அதே பாக்டரியில் ரங்கராஜன் என்று ஒரு வெல்ஃபேர் ஆபீசர் இருந்தார். ஸ்ரீபெரும்புதூர்க்காரர், கோயில் கைங்கர்யக் குடும்பம். பாக்டரியில் ரத்த தானம் ஏற்பாடு செய்திருக்கிறார், பசங்கள் ஊசியைப் பார்த்துப் பின்வாங்குகிறார்கள். "ரத்தம் சம்பந்தமா ஏதாவது படம் இருக்கா? பயமுறுத்தப்படாது. கொஞ்சம் லைட்டா இருந்தா தேவலை" என்று என்னிடம் வந்தார். அவர் மனசில் இருந்தது டாக்டர் கோட் போட்டவர் விளக்குகிற படம். என்னிடம் 'ரத்தம்' என்றும் 'லைட்' என்றும் இருந்தது ஒன்றுதான். ரத்தத்தைக் கண்டால் மயங்கி விழுகிற காட்டேரி. பரம்பரைக் காட்டேரிக் குடும்பத்தில் பிறந்து, குடும்ப மானத்தையே வாங்கி, தக்காளி ஜூஸ் குடித்து உயிர் வாழும் பையன். கண்ணை மூடிக்கொண்டு கொடுத்து அனுப்பினேன்.

பிறகு நடந்ததை ரங்கராஜனே சொன்னார். படம் ஆரம்பித்ததும் அவர் பதறிப்போய் நிறுத்தச் சொல்ல எழுந்திருக்கிறார். அதற்குள் ஹால் சிரிப்பில் அதிர்ந்துவிட்டது. கடைசியில் அந்தப் பையன் பல்லைக் கடித்துக்கொண்டு தன் காதலிக்காகத் தன் ரத்தத்தையே கொடுத்துவிட்டு மயங்கி விழும்போது கைதட்டல். "காட்டேரியே குடுத்துட்டான், நமக்கு இன்னாடா" என்று பசங்கள் வரிசையில் நின்றுவிட்டார்கள்.

அடுத்த நாள் ரோட்டுக்கு எதிரே பார்க்கிறேன், பாஸ்கர் கடையில் புது ஃபிரேம் போட்ட நன்றிப் பத்திரம் தொங்குகிறது. பக்கத்தில் ஒரு பொன்னாடை. டிவியும் டெக்கும் அவனுடையதாம், அதனால் மேடையில் அவனைக் கூப்பிட்டுப் போர்த்தினார்களாம். எனக்குக் காது மடல் வரைக்கும் சுட்டது. அந்தப் பொன்னாடையின் ஜரிகை வெயிலில் மின்னி என் கடைக்குள் வந்து விழுவதுபோல் இருந்தது. ரங்கராஜனைப் பார்த்து, "சார், படம் என்னுதாச்சே" என்று கேட்டேவிட்டேன். மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி நிதானமாகச் சொன்னார்: "கேசட்டை யார் சார் பாக்கறா? டிவியைத்தானே பாக்கறா."

டீக்கடையில் கேட்ட வார்த்தை

இந்தக் காயம் ஆறுவதற்குள் அடுத்தது. பஸ் ஸ்டாப் டீக்கடையில் நின்றிருந்தேன். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு யூனிபாரத்தில் இரண்டு பேர். அதில் ஒருவன் சாமுவேல். "பல்லன் படம் பாத்தியா? பூண்டு போடுவாளே அது?" என்றான் சாமுவேல். "அது பாத்துட்டேன். வேற பல்லன் படம் இன்னா கீது?" என்றான் மற்றவன்.

பல்லன் படம்! கையில் இருந்த டீ ஆறிப்போனது. நான் ஒரு வருடமாக அட்டையில் 'ரத்தக் காட்டேரி நகைச்சுவை வெளிநாட்டுத் திரைப்படம்' என்று வால் நீளத்துக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். எவனோ ஒரே வார்த்தையில் ஏழு படத்தையும் மூட்டை கட்டித் தூக்கிவிட்டானே! கோரைப்பல்லும் வருகிறது, கிண்டலும் வருகிறது, பயமும் போய்விடுகிறது. இந்தப் பேர் எனக்கு ஏன் தோன்றவில்லை? காட்டேரி கடித்திருந்தால் கூட இவ்வளவு வலித்திருக்காது.

சாமுவேல் தோளைத் தட்டி, "யார்ப்பா வெச்ச பேரு அது?" என்று கேட்டேன். திரும்பிப் பார்த்தவனுக்கு டீ புரையேறிவிட்டது. கண்ணில் தண்ணீர் வர இருமினான். "அது வந்துணா... அந்தப் பக்கம் யாரோ சொல்லிக்கினு இருந்தாங்க" என்று ரோட்டுக்கு எதிரே பொத்தாம் பொதுவாகக் கையைக் காட்டினான். எதிரே இருந்தது பாஸ்கர் கடை. "பல்லன். பல்லன் படம். அருமையான பேர்ப்பா" என்று நான் பொறாமையில் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். சாமுவேல் என் கையைப் பிடித்துக்கொண்டான்: "வேணாம்ணா, நீங்க உங்க வாயால அத்த சொல்லாதீங்கணா."

இங்கும்

அந்த வாரமே பாஸ்கர் மெட்ராஸுக்குப் போய் நாலு காட்டேரிப் படங்களைப் பிடித்துவந்துவிட்டான். கடை வாசலில் கரும்பலகை வைத்து, கலர் சாக்பீஸில், 'பல்லன் படங்கள் இங்கும் கிடைக்கும்' என்று எழுதினான். அந்த 'இங்கும்' என்னைத் தூங்கவிடவில்லை. இங்கும் என்றால்? திருட்டையும் செய்துவிட்டு மரியாதையும் கொடுக்கிறானா, கிண்டல் செய்கிறானா? நாள் முழுக்க ரோட்டில் போகிற லாரிகளுக்கு இடுக்கில் அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். லாரி மறைக்கும்போதுதான் மூச்சு வந்தது.

அப்படியே மனசு தேறலாம் என்று எங்கள் ரிஜிஸ்டரைப் புரட்டினேன். கமலா கையெழுத்தில், அந்த ஏழு படங்களுக்கும் நேரே 'ப.ப.', 'ப.ப.' என்று பக்கம் பக்கமாக இருந்தது. ப.ப. என்றால் என்ன என்று கேட்டேன். பேனாவை மூடி வைத்தாள். பல்லன் படமா என்றேன். தலையைக் குனிந்துகொண்டாள். என் கடையில், என் பெண்டாட்டி கையால், எதிர்க்கடைக்காரன் வைத்த பேர்! எனக்கு வந்த கோபத்தில் ரிஜிஸ்டரை மூடி மேலே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். எப்போதிலிருந்து எழுதுகிறாய் என்று கேட்டதற்கு, ஆரம்பத்திலிருந்தே என்றாள். அப்படியானால் பாஸ்கர் ஒரு வருடமாகவே இந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறான் என்று நான் கணக்குப் போட்டேன். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, வேறு ஏதோ சொன்னாள்: "பேர் யாரு வெச்சா என்னங்க? போறது நம்ம படம்தானே."

பல் டாக்டர்

பேருக்குப் பேர் வைத்துத்தான் பழிவாங்க வேண்டும் என்று முடிவு செய்தேன். மூன்று நாள் யோசித்தேன். 'சிரிப்புக் காட்டேரி' என்று வைத்தால் சப்பென்று இருந்தது. 'ரத்தச் சிரிப்பு' என்றதற்குக் கமலா காதைப் பொத்திக்கொண்டாள். கடைசியில் 'கோரைப்பல் கோமாளி' என்று பிடித்து, பெரிய அட்டையில் சிவப்பு மையில் எழுதி, பக்கத்தில் இரண்டு நீளப் பல்லும் வரைந்து வாசலில் மாட்டினேன். மழையில் 'கோமாளி' கரைந்துபோனது எனக்குத் தெரியாது. ஒரு பெரியவர் வலது கன்னத்தைப் பிடித்தபடி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். படம் எடுக்க வந்தவர் என்று நினைத்து, பல் செட் மாறிய கதையை அவருக்கு முழுசாக நடித்துக் காட்டினேன். மனிதர் வலியோடு கேட்டுக்கொண்டே இருந்தார். எல்லாம் முடிந்ததும் வாயைப் பாதி திறந்து கேட்டார்: "அதெல்லாம் சரிப்பா, டாக்டரு எப்ப வருவாரு?"

எழுதிக் கொடுங்கள்

அப்போதுதான் பாக்டரியில் குடும்ப விழா வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எல்லா ஊழியர்களும் பெண்டாட்டி பிள்ளைகளோடு கேன்டீன் ஹாலில் கூடுவார்கள். விளையாட்டு, பரிசு, கடைசியில் ஒரு படம். ரங்கராஜன் என் கடைக்கே வந்து, "எல்லாரும் பல்லன் படம்தான் வேணும்கறா" என்றார். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். டிவியும் டெக்கும் மறுபடி பாஸ்கருடையதுதானாம்.

இதை விட்டால் எனக்கு வேறு வாய்ப்பு இல்லை. போன தடவை பொன்னாடை போனது. இந்தத் தடவை பேராவது எனக்கு வந்தாக வேண்டும். "படம் தருகிறேன் சார். ஆனால் ஒரு கண்டிஷன். பல்லன் என்கிற பேர் பாஸ்கருடையது இல்லை, அது எனக்குத்தான் சொந்தம் என்று மைக்கில் சொல்ல வேண்டும்" என்றேன். ரங்கராஜன் என்னையே பார்த்தார். கமலா என்ன வேகத்தில் எழுந்தாளோ, ஸ்டூல் விழுந்தது. "ஏங்க, வேணாங்க, விடுங்களேன்" என்றாள். என் பக்கம் பேச வேண்டியவள் பாஸ்கருக்காகப் பரிந்து பேசுகிறாளே என்று எனக்கு இன்னும் பிடிவாதம் ஏறியது.

"உமக்கு இதுல வருத்தம் ஒண்ணும் இல்லையே?" என்று ரங்கராஜன் இரண்டு தடவை கேட்டார். வருத்தமா, இதுதான் சார் என் ஒரு வருடக் கனவு என்றேன். அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார்: "அப்போ உம்ம கையாலேயே எழுதிக் குடுத்துடும். பின்னாடி நான் சொன்னேன்னு வரப்படாது."

மைக்

ஹால் ஜன்னலுக்கெல்லாம் சாக்குப் படுதா கட்டி இருட்டாக்கியிருந்தார்கள். நான் முதல் வரிசையில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் கமலா, என் முகத்தைப் பார்க்காமல். பாஸ்கர் டெக்கில் ஒயர் மாட்டிக்கொண்டிருந்தான். நான் எழுதிக் கொடுத்த சீட்டைப் படிக்கிற பொறுப்பு சாமுவேலுக்கு. மைக் பிடித்து, ஒரு தடவை மனசுக்குள் படித்துப் பார்த்து, என்னைப் பார்த்து, ரங்கராஜனைப் பார்த்தான். அவர் படி என்று தலையாட்டினார்.

"இன்று நீங்கள் காணப்போவது பல்லன் படம். ஊரே சொல்லும் இந்தப் பேர் எதிர்க்கடை பாஸ்கருக்குச் சொந்தமானது அல்ல. பல்லன் என்றால் அது கமலா வீடியோஸ் தனசேகரன் ஒருவர் மட்டுமே. இதை அனைவரும் நினைவில் வைத்துக்கொள்ளவும்." எழுத்துப் பிசகாமல் படித்தான். ஹால் ஒரு நொடி மூச்சை அடக்கிக்கொண்டது. பிறகு ஒரு விசில். அதற்குப் பிறகு கூரை போகிற மாதிரி கைதட்டல். நான் எழுந்து நின்று வாய் நிறையச் சிரித்துக் கும்பிட்டேன். கைதட்டல் இரண்டு பங்கானது. அதே பாக்டரியில் அப்பா வேலை பார்க்கிற, பின் தெரு அம்மாவின் குழந்தை முன்னால் ஓடிவந்து, என் வாயைக் காட்டி, "பல்லன் மாமா!" என்றது. சாமுவேல் மைக்கிலேயே தழுதழுத்தான்: "அண்ணன் மனசு யாருக்கு வரும்! இவ்ளோ நாளா நாங்க பின்னாடி சொல்லிக்கினு இருந்தத, அவரே கைப்பட எழுதிக் குடுத்துட்டாருப்பா!"

கும்பிட்ட கை தானாக வாய்க்குப் போனது. என் முன்பல் இரண்டும் பிறந்ததிலிருந்தே கொஞ்சம் வெளியே நின்று ஊர் பார்க்கும். மீசை வளர்த்து மறைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். பல்லன் படம் என்றால் காட்டேரி நடித்த படம் இல்லை. பல்லன் கடைப் படம், பல்லன் நடித்துக் காட்டுகிற படம். விழுந்தவன் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தேன். "உனக்குத் தெரியுமா?" என்று கமலாவிடம் கேட்டேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "முதல் நாளே பின் தெரு அம்மா வெளியில போய் உங்கள பல்லன்னு சொல்லிச்சி. உங்ககிட்ட எப்படிங்க சொல்லுவேன்?" என்றாள். இவ்வளவு நாளும் அவள் யாருக்காகப் பரிந்து பேசினாள் என்று அப்போது புரிந்தது. வெட்கம் தாங்கவில்லை, எழுந்து போய்விடலாம் என்று பார்த்தேன். அதற்குள் படம் ஆரம்பித்து, பாதிரியாரின் பல் செட் மாறி, ஹால் மொத்தமும் நான் ஆசைப்பட்ட அந்தச் சிரிப்பைச் சிரித்தது. கமலாவும் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, வாயை மூடிக்கொள்ளத் தோன்றவில்லை.

படம் ஓடும்போதே பாஸ்கர் குனிந்து வந்து என் பக்கத்தில் தரையில் குந்தினான். திட்ட வருகிறான் என்று நினைத்தேன். அவன் முகத்தில் இருந்தது எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம், ஒரு வருடமாக நான் கண்ணாடியில் பார்த்த அதே வயிற்றெரிச்சல். வரிசையான பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான்: "மரியாதைக்குத்தான்ணா 'இங்கும்'னு எழுதினேன். என் கடைக்கு வந்தும் உன் பேரச் சொல்லித்தான் படம் கேக்கறானுங்க. அஞ்சு வருசமா கட வெச்சிகினு கீறேன், கலர் டிவி வாங்கினேன், எனுக்கு ஒரு பட்டப்பேரு வெக்க ஒருத்தனுக்கும் தோணலியேணா!"

அன்றோடு பாஸ்கர் மேல் இருந்த பொறாமை எனக்கு அடியோடு போய்விட்டது, இப்போது இருப்பதெல்லாம் என் முன்பல் இரண்டின் மேல்தான்: ஒரு வருடம் தொண்டை வறளக் கதை சொன்னவன் நான், சும்மா வெளியே நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் பேரை வாங்கிக்கொண்டு போனவை அவை.